பதினெட்டாவது வட்டம்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது. அவ்வளவுதான். ஆரம்பித்து வைத்தவன் நான்; ஒரு தட்டு வெதுவெதுப்பான தண்ணீரால்.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் ‘பழைய படப்பிரிவு’ என்றோர் அறை உண்டு. ஆற்றோர ஊரின் பழைய புகைப்படங்களும், பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய நோட்டுகளும் அங்கேதான். அதற்குப் பொறுப்பாளர், உதவியாளர், ஒட்டடை அடிப்பவர் மூவரும் நானே. மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை. அதுவும் அன்று லீவு.

ஒரு நோட்டில் படகுப் படம் இருந்தது. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன், படகு கிளம்பும் நேரத்தில் கரையில் நின்று ஸ்டூடியோக்காரர் எடுத்தது. நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பதினேழு பேர் என்று படகுத்துறையில் கல்வெட்டே இருக்கிறது.

இல்லை, பதினெட்டு என்பார் எதிர்த்தெருத் தையல்கார அக்கா. பதினெட்டாவது ஆள் அவருடைய அம்மா. ஊரோ, அம்மா எவனோடோ ஓடிப்போனாள் என்றது. ஆறு வயதிலிருந்து அந்தப் பேச்சைக் காதில் வாங்கியே தலை நரைத்துவிட்டது அவருக்கு.

“அந்த ஸ்டூடியோவுல படத்துக்குப் பின்னாடி ஆளுங்க பேரை எழுதுவாங்க சார். எங்கம்மா பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. செத்தாலும் நிம்மதியாச் சாவேன்.”

“இதென்னக்கா பெரிய விஷயம்? நாளைக்கே சொல்றேன்.”

வாய் என்னுடையது. நீளம் அதிகம்.

படம் பசை போட்டு ஒட்டியிருந்தது. பின்பக்கம் மை இருக்கலாம் என்றால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. மெல்லிய கத்தியால் ஓரம் ஓரமாக நெம்ப வேண்டும். அரை நாள் வேலை. நான் பக்கத்தை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் படம் அழகாகக் கழன்று வந்தது. தண்ணீர் நீலமாகியிருந்தது.

பின்பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளை. சுத்தமான வெள்ளை. முகங்களைக் காப்பாற்றிவிட்டேன்; பேர்களைக் கழுவிவிட்டேன்.

மணி 2.40. மதியம் நூலகத்தை மூடும் நேரம். கதவைத் தாழிட்டேன். படத்தைக் காயவைத்து, அதன் மேல் டிரேசிங் தாளை விரித்தேன். ஒவ்வொரு தலைக்கும் ஒரு வட்டம், ஒரு எண். எங்கள் வேலையில் ஆட்களை அடையாளம் வைக்கும் முறை அதுதான். மூன்று தடவை எண்ணினேன்.

பதினேழு.

பாய்மரக் கம்பத்தின் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலி இடம். அங்கே யாரும் இல்லை. அக்காவிடம் என்ன சொல்வது?

3.12. விரலில் மை. உள்ளேயே பக்கத்தில் இருந்த குழாயடிக்குப் போய்க் கழுவினேன்.

3.16. திரும்பி வந்தேன்.

கம்பத்தின் பக்கத்தில்... ஒரு வட்டம்.

நான் போடும் வட்டமெல்லாம் நசுங்கின எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். இது சுத்தமான வட்டம். தாள் அந்த இடத்தில் மட்டும் நனைந்திருந்தது. எண் இல்லை.

தாளைத் தூக்கினேன்.

கம்பத்துக்குப் பின்னால் பாதி முகம். ஒரு கண். நேராக என்னைப் பார்த்தது.

சொட்...

குழாயை மூடிவிட்டுத்தான் வந்தேன்.

சொட்... சொட்...

சத்தம் குழாயடியில் இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால்.

“எழுதிட்டீங்களா?”

பெண் குரல். ஜலதோஷம் பிடித்த மாதிரி... அடைத்த குரல்.

திரும்பவில்லை. கழுத்து ஒத்துழைக்கவில்லை.

“பே... பேரு என்னம்மா?”

சொட்...

“அழிச்சிட்டு கேக்குறீங்களே.”

திரும்பினேன்.

யாரும் இல்லை. கதவு தாழ் போட்டபடியே. தரையில் தண்ணீர்.

3.21.

படத்தையும் தாளையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். இரண்டு தெரு தள்ளி ஸ்டூடியோக்காரர் வீடு. எண்பதை நெருங்கியவர். படகைப் பற்றி எப்போது கேட்டாலும், “வயசாச்சு தம்பி, ஞாபகமில்ல” என்று கண்ணாடியைத் துடைப்பார். அன்றும் துடைத்தார்.

தாளை அவர் மடியில் வைத்தேன். வட்டத்தைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

“நான்தான் பேரை அழிச்சிட்டேன் ஐயா. அந்தக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?”

அவர் விரல் அந்த ஈர வட்டத்தின் மேலேயே நின்றது.

“என்ன சொன்னா? இன்னொரு தரம் சொல்லு.”

“அழிச்சிட்டு கேக்குறீங்களேன்னு...”

“அது உனக்கு இல்லடா.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

“அவ பேரை நீ அழிக்கல. பின்னாடி நான் எழுதினதே பதினேழு பேருதான். அந்தப் படகுக்கு லைசென்ஸ் அத்தனை பேருக்குத்தான். ஒரு ஆள் கூடுதலா ஏறினது தெரிஞ்சா படகு முதலாளிக்கு ஜெயிலு. படத்துலேயும் அவ நின்ன இடத்தை நான்தான் சுரண்டி எடுத்தேன். சாயங்காலம் அவளைக் கரையேத்தினதும் நான்தான். முதலாளி ஒரு பார்வை பார்த்தான்... இடுப்புல கல்லைக் கட்டி திரும்ப ஆத்துல விட்டதும் நான்தான் தம்பி.”