பாதிக் கட்டணம்

பெல்டென் என் பேருந்தில் முதல் தடவை ஏறியபோது, பயண அட்டையைக் கட்டணக் கருவியில் வைத்தாள், கருவி சத்தம் போட்டது, உடனே அதற்குத் தலையைத் தாழ்த்தினாள். எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் வாங்குவோம். கருவி அவளிடம் பாதிக் கட்டணம் மட்டும் எடுத்திருந்தது, மாணவர் சலுகை. அதற்கு மரியாதை செய்கிறாள்.

"அதுக்கெல்லாம் தலை குனியாதம்மா, அது வெறும் இரும்பு" என்று எங்கள் பாஷையில் சொன்னேன்.

ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவன் பூட்டான்காரனாக இருப்பான் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஏறியவரைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. பூட்டானில், மோங்கார் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த கிங்கா சார். மாவட்டக் கல்வி அதிகாரியின் ஜீப்பை நான் பல வருஷம் ஓட்டியவன். கூட்டம் முடிந்து பள்ளிக்குத் திரும்பும்போதெல்லாம் கிங்கா சார் அந்த ஜீப்பின் பின் சீட்டில் வருவார், என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். இங்கே வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் இன்னும் பின் சீட்டில்தான் உட்காருகிறார்கள். கூடவே துடைப்பமும் வாளியும் வருகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெல்டென் அவருடைய மனைவி. அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் மொழியின் இலக்கணம் சொல்லிக் கொடுத்தவள். ஆங்கிலத் தேர்வில் சாருக்கு மதிப்பெண் போதவில்லை, அவளுக்குக் கிடைத்துவிட்டது. மனைவி படிக்க வருவாள், புருஷன் துணைக்கு வருவான். எங்களில் பாதிப்பேர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த வழி அதுதான். திம்புவில் இருந்த ஏஜெண்ட், பிற்பாடு இங்கேயே தங்குவதற்கு எந்தப் படிப்பு உதவும் என்று ஒரு பட்டியலைப் பார்த்து, அவளைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிட்டான். உனக்கு அது வருமா என்று ஏஜெண்டும் கேட்கவில்லை, சாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அரசாங்க வேலையை ராஜினாமா செய்துவிட்டு விமானம் ஏறினார்கள். ஏழு வயது மகள் டெமாவைச் சாரின் தங்கை வீட்டில் விட்டு வந்தார்கள். படிப்பு முடியட்டும், கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

கிங்கா சார் அங்கே பள்ளிக்குக் கால அட்டவணை போடுவதில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர். இங்கே அவருக்குப் பள்ளி இல்லை, மனைவி இருந்தாள். மூன்று தம்பதிகள் பங்குபோட்டுக்கொண்ட வாடகை வீட்டின் சமையலறைச் சுவரில் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, கோடு போட்டு, இரண்டு வருஷப் படிப்பைக் கட்டங்களாகப் பிரித்துவிட்டார். எந்த செமஸ்டரில் எந்தப் பாடம், எதை முடித்தால் எது திறக்கும், அவள் முதியோர் இல்லத்தில் துடைக்கப் போகும் நாள் எது, திரும்பி வர எந்தப் பேருந்து என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசிக் கட்டத்துக்குப் பச்சை நிறம் அடித்து டெமா என்று எழுதியிருந்தார். மிளகாய் வதக்கும் புகையில் மற்றத் தாள்கள் பழுத்துப் போனாலும் அந்தப் பச்சைக் கட்டத்தை மட்டும் பெல்டென் துணியால் துடைத்து வைப்பாள்.

நான் வெற்றிலை கேட்டு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சார் அட்டவணை முன்னால் நிற்பார், அவள் அடுப்பு முன்னால் நிற்பாள். பேச்சு இப்படித்தான் போகும்: "வியாழக்கிழமை படிக்க வேண்டியத இன்னும் படிக்கலியே?" என்பார். "படிச்சேங்க, மண்டையிலதான் ஏறல" என்பாள். அவருக்குக் கோபம் வராது. பென்சிலை எடுத்து வியாழனைச் சனிக்கு நகர்த்துவார். எனக்குத்தான் எரியும். கட்டத்தை நகர்த்தினால் மண்டையில் ஏறிவிடுமா?

மூன்றாவது செமஸ்டரில் ஒரு பாடம் அவளைப் போட்டு வாட்டியது. ராத்திரி தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று பாடம் மட்டும் படிக்கட்டும், கடைசி செமஸ்டரில் நாலோடு ஒன்று சேர்த்து ஐந்தாகப் படித்து ஈடுகட்டிவிடலாம் என்று சார் முடிவு செய்தார். பல்கலைக்கழகமும் சரி என்றது. முழுப் பாடமும் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் பாதிக் கட்டணம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கருவிக்கே தெரியவில்லை, அது பாட்டுக்குப் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் ரயிலில் பரிசோதகர்கள் இரண்டு பேர் வந்து, அட்டையைப் பார்த்து, பாடப் பதிவைக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். மூன்று பாடம். மரியாதையாகத்தான் பேசினார்களாம், அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்களாம். அதையும் அவள் தலையைத் தாழ்த்தி வாங்கியிருக்கிறாள்.

அபராதத்தைக் கட்டியாயிற்று. அதோடு போயிருக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கூடிய இடத்தில் ரின்சின் என்றொருவன், எதைக் கேட்டாலும் தெரியும் என்கிற ஜாதி, வாயைத் திறந்தான். "முதல் தடவைன்னா அபராதம். ரெண்டாவது தடவை பேரு வந்துச்சுன்னா நேரா விசா ஆபீஸுக்குப் போயிடும். குடும்பத்தோட பொட்டிய கட்ட வேண்டியதுதான்."

உனக்கு யாரடா சொன்னது என்று கேட்டேன். பஸ் ஓட்டுகிறவருக்குச் சட்டமும் தெரியுமோ என்று திருப்பிக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பெல்டென் சிரிக்கவில்லை, கிங்கா சாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

மாணவர் அலுவலகத்தில் போய்க் கேள், அதற்கென்றே ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அவளிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"கேட்டா பேரு தெரிஞ்சிடும் அண்ணே" என்றாள்.

எங்கள் ஆட்களுக்குப் பிடித்த நோய் இது. ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டும் என்றால் தெரிந்தவரைப் பிடிப்போம், தெரிந்தவர் இல்லையென்றால் அதிகாரி கண்ணில் படாமல் இருப்போம். கேள்வி கேட்டவன் பெயர்தான் முதலில் அவர் நினைவுக்கு வரும். அந்தப் பயத்தைத் துணிமணியோடு மடித்து எடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறோம். இங்கே கேட்காதவன்தான் கெட்டுப் போகிறான் என்பது எனக்கே புரிய வருஷங்கள் ஆயின.

அன்றிலிருந்து அவள் நடந்தாள். முழுக் கட்டணத்தைக் கொடுத்து ஏறலாம்தான், ஆனால் டெமாவின் விமானச் சீட்டுக்குச் சேர்க்கிற டப்பாவிலிருந்துதான் அது போகும். அட்டையைத் தொடவே மாட்டேன் என்றாள், அதைத் தட்டினால் தன் பெயர் போகும் என்றாள். அதை போன் உறைக்குள், டெமாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். சார் அட்டவணையில் பேருந்து நேரங்களை அழித்துவிட்டு நடை நேரங்களை எழுதினார். பெரிய தொப்பியும் குடையுமாக அவள் சாலையோரம் போவதை நான் தினமும் பார்ப்பேன். ஒலி எழுப்புவேன், குடையை ஆட்டுவாள்.

கடைசி செமஸ்டர் வந்தது. நினைத்தபடி ஐந்து பாடம் எடுத்தாள். அதில் நாலைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டாள். மிச்சம், பழைய எமன்தான். அதன் தேர்வை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் வைத்திருந்தார்கள்.

நவம்பர் மாதம், காலையிலேயே தார் இளகுகிற வெயில். பாலத்துக்கு முன்னால் இருக்கிற நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியபோது, பெல்டென் வேர்த்து விறுவிறுத்து அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து கூப்பிட்டேன்.

"எங்க போற இந்த வெயில்ல?"

"பரீட்சைங்க அண்ணே. அந்தப் பக்க மண்டபத்துல."

"ஏறு. அந்த வாசல்லயே எறக்கி விடறேன்."

"வேணாங்க. கையில காசு எடுத்துட்டு வரல, அட்டதான் இருக்கு."

"காசு யாரு கேட்டா? சும்மா ஏறும்மா."

அவள் பேருந்துக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே நீலச் சட்டை போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். யாரோ மின்சார வேலைக்காரன். அவள் கண்ணுக்கு அவன் பரிசோதகன்.

"மாட்டுனா உங்க வேலையும் போயிடும் அண்ணே. சாரு கணக்குப் போட்டுத்தான் அனுப்பியிருக்காரு. நேரம் இருக்கு."

"சாரு கணக்குல வெயில் இருக்காடி? ஏறுன்னா ஏறு."

'டி' போட்டு அதட்டிவிட்டேன். அப்படியும் ஏறவில்லை. பின்னால் யாரோ மணிக்கட்டைப் பார்த்து முணுமுணுத்தார்கள். அவள் எனக்குத் தலையைத் தாழ்த்திவிட்டு நடந்தாள். பாலத்தின் மேல் போகும்போது கண்ணாடியில் பார்த்தேன். பாலத்து நடைபாதையின் தொடக்கத்துக்கு அவள் இன்னும் வந்திருக்கவில்லை.

சாரின் கணக்கில் தப்பு இல்லை. பழுது பார்ப்பதற்காக அந்த வாரம் நடைபாதையை அடைத்துப் பலகை வைத்திருந்தார்கள். வண்டிகள் மட்டும் போகலாம். நான் பாலத்தின் அடுத்த ஓரத்தில் போனவன், அதைக் கவனிக்கவில்லை. அவள் திரும்பி, ஆற்றங்கரையோடு ஓடி, அடுத்த பாலம் வழியாகப் போயிருக்கிறாள். மண்டபத்தை அடைந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். தேர்வு தொடங்கி அரைமணிக்கு மேல் ஆகிவிட்டால் யாரையும் விடமாட்டார்களாம். வாசலில் இருந்த பெரியவர் இவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு, எல்லாரும் எழுதி முடித்து வெளியே வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள்.

காரணம் எழுதிக் கொடுத்தால் மறு தேர்வு உண்டு. நோய் இருந்தால், சாவு விழுந்திருந்தால், விபத்து என்றால் ஒத்துக்கொள்வார்கள். நடந்து வந்தேன் என்பதை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாடத்தை மறுபடி அடுத்த வருஷம்தான் நடத்துவார்கள், விசா அதற்கு முன்னால் முடிகிறது. புதிதாகக் கேட்கலாம், அதற்குக் கட்டணம், அதற்கு மேல் இன்னொரு வருஷக் கட்டணம், கேட்டாலும் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கிங்கா சார் இரண்டு வாரம் அட்டவணை முன்னால் பென்சிலோடு நின்றார். ஒரு காலி கட்டம் இல்லை. இருந்த ஒன்றை மூன்றாவது செமஸ்டரிலேயே அவர் செலவழித்திருந்தார். கடைசியில் தாள்களை உரித்தார். பச்சைக் கட்டத்தைத்தான் முதலில் உரித்தார் என்று அந்த வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லையாம். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம் பாவமாக இருந்தது. டெமாவிடம் போனில் யார் சொல்வது என்று இரண்டு பேரும் போனை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்களாம்.

இங்கிருந்து யார் ஊருக்குக் கிளம்பினாலும் எங்கள் ஆட்கள் கூடி, மரியாதைக்குக் கழுத்தில் வெள்ளைத் துண்டு போட்டு, விமான நிலையம்வரை காரில் கொண்டுபோய் விடுவார்கள். இவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு விடிகாலை, நான் எடுத்த முதல் வண்டிக்காக, பெட்டிகளோடு பாலத்துக்கு முன்னால் இருக்கிற அந்த நிறுத்தத்தில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் சார் தலையைக் குனிந்துகொண்டார். இறங்கிப்போய்ப் பெட்டிகளைத் தூக்கி வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

சார் தன் கட்டணத்தைச் சில்லறையாகக் கொடுத்தார். அவள் பங்குக்கும் சில்லறையைத் துழாவிக்கொண்டே அவளிடம் சொன்னார்: "உன் அட்டையில பணம் கெடக்குதே. தட்டு. இனிமே யாரு புடிச்சா நமக்கென்ன."

பெல்டென் போன் உறையைப் பிரித்து, மகளின் படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்தாள். கருவியில் வைத்தாள். அது சத்தம் போட்டது. மாணவர் என்று திரையில் விழுந்தது.

இந்தத் தடவை அவள் தலையைத் தாழ்த்தவில்லை. திரையையே பார்த்தாள்.

"பாதிதான் எடுத்திருக்கு அண்ணே."

நான் கதவை மூடினேன்.

"மூணு பாடம் படிச்சப்பத்தானே கூடாதுன்னாங்க. கடைசியா அஞ்சு படிச்சேன்." மெதுவாக, வகுப்பில் சொல்லிக் கொடுப்பது மாதிரி சொன்னாள். "அப்ப அன்னிக்கு நான் ஏறியிருக்கலாம்."

சாரின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"காலையிலேருந்து மிஷின் கோளாறும்மா" என்றேன். "யாரு தட்டினாலும் பாதிதான் எடுக்குது."

"அப்படிங்களா" என்று முன் சீட்டில் உட்கார்ந்தாள். சார் பின்னால் போய்ப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு நர்ஸ் ஏறினாள். முழுக் கட்டணம். அதற்கடுத்து, விமான நிலையத்தில் வேலை பார்க்கும் இரண்டு ஆண்கள். முழுக் கட்டணம், முழுக் கட்டணம். ஒவ்வொரு சத்தத்துக்கும் பெல்டென் திரையைப் பார்ப்பது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. யாரும் ஏறக் கூடாது என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். எல்லா நிறுத்தத்திலும் ஏறினார்கள்.

விமான நிலையத்தில் சார் பெட்டிகளை இறக்கினார். அவள் படியில் நின்று, எனக்குத் தலையைத் தாழ்த்தினாள்.

"மிஷின் சரியாயிடுச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.