கதவு மூடியே இருந்தது

ப்ராசஸ் ஆடிட்டர் என்பது, வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சுவரில் மாட்டியிருப்பதையும், எப்படி நடந்தது என்று மெஷின் பதிந்து வைத்திருப்பதையும் ஒத்துப் பார்த்து, இரண்டும் வேறு வேறு என்று சொல்லி, எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளும் உத்தியோகம். ஆடிட்டர் என்றதும் வருமான வரிக்கு யோசனை கேட்டு வரும் சொந்தக்காரர்கள் தனிக்கணக்கு.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில், ஒரகடம் பக்கம் வயலை மட்டம் தட்டி ஷெட் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் இந்த உத்தியோகம் பார்த்தேன். கையில் அட்டையோடு லைனில் நடந்துபோய், உங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தும் கூட்டத்தை நீங்களும் கடந்திருந்தால், இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் படியுங்கள். சேர்ந்து கோபப்பட எனக்கு ஆள் வேண்டும்.

திறக்காத கதவு

தகட்டை அமுக்கி வடிவாக்கும் எங்கள் பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு உண்டு. கதவைத் திறந்து தகட்டை வைக்க வேண்டும், மூட வேண்டும், பிரஸ் இறங்கி ஏறும், மறுபடி கதவைத் திறந்து எடுக்க வேண்டும். கதவின் ஓரத்தில் நாக்கு மாதிரி ஓர் இரும்புத் துண்டு இருக்கும். அதைச் சாவி என்பார்கள். கதவை மூடினால் சாவி பக்கத்துச் சுவிட்சுக்குள் போய் உட்காரும். உட்கார்ந்தால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்று யாரோ புண்ணியவான் யோசித்துச் செய்த ஏற்பாடு.

மெஷினோடு இணைத்திருந்த கம்ப்யூட்டர் இதையெல்லாம் வரிசையாகப் பதிந்துகொண்டே வரும். சேர்ந்த புதிதில் ஒரு ஷிப்டின் பதிவை பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். பிரஸ் இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது. பக்கம் பக்கமாக அதேதான். கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. திறக்காத கதவு வழியாகத் தகடு எப்படி உள்ளே போனது என்று நேரில் போய்ப் பார்த்தால், மெஷினில் கதவே இல்லை. கழற்றிக் கொண்டுபோய் சைக்கிள் ஷெட்டில் தண்ணீர் கேனுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஸ்டோரில் வாங்கிய வேறொரு சாவியைச் சுவிட்சுக்குள் செருகி, அப்படியே விட்டிருந்தார்கள். கதவு மூடியிருக்கிறது என்று மெஷினும் நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் தனசேகரைக் கூப்பிட்டேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர். எதற்கும் கோபப்பட மாட்டார். அதனாலேயே அவரிடம் எனக்குக் கோபம் வரும். கதவைத் திறந்து மூடுவதிலேயே நேரம் போனால் டார்கெட்டை எப்படிக் கொடுப்பது என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில் என் கையிலிருந்த பிரிண்டைத் தட்டிக் காட்டினார்: "கதவு க்ளோஸ்னு தானே மேடம் வந்துகினு கீது? அப்புறம் இன்னா?"

எழுதினால் யார் போவது

அந்த மெஷினை ஓட்டியவன் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கான்ட்ராக்டில் வந்தவன். சேரப்பணஞ்சேரியில் ஒரு வாடகை அறையில் ஊர்ப் பையன்களோடு தங்கியிருந்தான். அவன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலால் பெடலை மிதித்துக்கொண்டே இடது கையால் தகட்டை நேராக்குவான். பிரஸ் இறங்குவதற்குள் கையை உருவிக்கொள்வான்.

கதவை மாட்டச் சொல்லிக் கேளேன் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினான். பெர்மனன்ட் ஆகிறவர்களின் பட்டியல் வரப்போகிறதாம். அதில் பெயர் வரும் என்று தனசேகர் சொல்லியிருக்கிறாராம். இந்த நேரத்தில் டார்கெட் குறைந்தால் அவ்வளவுதான், கேட்டுக்கு வெளியே ஆள் காத்திருக்கிறது என்றான். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவன்மேல் இல்லை. விரலையும் வேலையையும் ஒரே தட்டில் வைத்து, எது வேண்டும் என்று அவனைக் கேட்டவர்கள்மேல். ரிப்போர்ட் எழுதத்தான் போகிறேன் என்றேன். அவன் பெடலை விட்டுக் காலை எடுக்காமலே சொன்னான்: "நீங்க எழுதிட்டு பஸ் ஏறிருவியக்கா. கேட்டுக்கு வெளிய போறது நாந்தான்."

பொட்டு வைத்த சாவி

அவன் பெயரை எழுதவில்லை, மெஷினைத்தான் எழுதினேன். கதவை மாட்டும்வரை ஓட்டக் கூடாது என்று ரிப்போர்ட் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஆயுத பூஜை வந்துவிட்டது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மோட்டாருக்கு ஒரு பொட்டு, பெடலுக்கு ஒரு பொட்டு, அந்தத் திருட்டுச் சாவிக்கும் ஒரு பொட்டு. புரொடக்‌ஷன் மேனேஜர் பட்டு வேட்டியில் வந்து கற்பூரம் காட்டினார். சாவி அன்றோடு மெஷினின் அங்கமாகிவிட்டது.

விடுமுறை முடிந்து வந்த அன்று சாவியைப் பிடுங்கி என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பிரஸ் நின்றது. பூஜை போட்ட மெஷினை நிறுத்திவிட்டாள் என்று லைன் முழுக்கப் பேச்சு. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்டெல்லா என்கிற நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பது அன்றுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நான் கை போய்விடும் என்று கத்திக்கொண்டிருக்கிறேன், அவர் என் மதத்தைப் பற்றி மென்மையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது ஸ்டெல்லா. பூஜை வெச்ச சாமானைப் புடுங்கினா லைனுக்கே ஆகாது."

நடக்காத விபத்து

ஸ்டோரில் சாவிக்கா பஞ்சம்? அன்று சாயங்காலமே புதிதாக ஒன்றைச் செருகிவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் இசக்கிமுத்துவின் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவனைக் கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மெஷினைத் துடைத்து, இன்னொருவனை அங்கே நிறுத்தினார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதாது.

விசாரணை என்று உட்கார்ந்தார்கள். மேனேஜர் அந்த ஷிப்டின் பிரிண்டை விரித்து வைத்திருந்தார். விபத்து நடந்ததாகச் சொல்லும் நேரத்தில் கதவு மூடியிருந்தது. மூடிய கதவுக்குள் கை போகாது. ஆகவே விபத்து எங்கள் மெஷினில் நடக்கவில்லை, அவன் விளையாட்டாக வேறெங்கோ கையை விட்டிருக்கிறான். இதுதான் முடிவு. இப்படி எழுதினால் வேலையில் பட்ட காயம் என்று ஈ.எஸ்.ஐ.யில் ஏற்க மாட்டார்கள். கான்ட்ராக்டரும் கையைக் கழுவிவிடுவார். பதிவு உண்மையானது என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று என் பக்கம் தள்ளினார்கள்.

போடுகிறேன் என்றேன். ஆனால் இதே பதிவுப்படி அந்த ஷிப்ட் முழுக்கக் கதவு திறக்கவே இல்லை, அதனால் ஒரு தகடும் உள்ளே போகவில்லை, அன்றைய உற்பத்தி பூஜ்யம் என்று எழுதிக் கஸ்டமருக்கு அனுப்புங்கள், இரண்டிலும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். விரல் போகாத இடத்தில் தகடு மட்டும் எப்படி சார் போனது என்று கேட்டேன். என் குரல் வெளியே கேன்டீன் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேட்கட்டும். கடைசியில் விபத்து மெஷினில்தான் நடந்தது என்று எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் தொழிலாளியின் கவனக்குறைவு என்றும் எழுதினார்கள். அதற்குக் கீழே, மெஷினில் கதவு இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் தனசேகர் வருத்தத்தோடு சொன்னார்: "நல்லா மடக்கிட்டீங்க மேடம். நாளைக்கு டார்கெட்டுக்கு நான் இன்னா பண்றது?"

சரிசெய்த விதம்

பிறகு எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். சைக்கிள் ஷெட்டிலிருந்து கதவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மாட்டி, வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று திறந்தபடியே கம்பியால் கட்டி வைத்தார்கள். செருகிய சாவி செருகியபடியே இருந்தது. புதிதாக ஒரு தாள் அச்சடித்தார்கள். மணிக்கொரு தடவை ஓர் ஆள் போய்க் கதவைப் பார்த்து, மூடியிருக்கிறது என்று அதில் டிக் போட வேண்டும். கஸ்டமர் வந்து தாளைப் பார்த்து மிகவும் திருப்தி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் காட்டிய கதவைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

இசக்கிமுத்து திரும்பி வந்தான். பெர்மனன்ட் பட்டியலில் அவன் பெயர் இல்லை. மெஷின் ஓட்ட முடியாதவனை வெளியே அனுப்பாமல் இரக்கப்பட்டு ஒரு வேலை கொடுத்திருப்பதாக மேனேஜர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். என்ன வேலை தெரியுமா? அந்தத் தாளில் டிக் போடும் வேலை. முதல் நாள் காலை, தாளை இடது உள்ளங்கையால் அட்டையோடு அமுக்கிப் பிடித்து, வலது கையில் பேனாவோடு என் மேஜைக்கு வந்தான். அவன் முகத்தில் குறையோ கோபமோ இல்லை. வேலையில் ஒரு சந்தேகம் கேட்பதைப் போலத்தான் கேட்டான்: "யக்கா, பூரா ஷிப்டுக்கும் இப்பமே டிக் போட்டுரச் சொல்லுதாவ. போட்டுரட்டா, இல்ல போய்ப் பாத்துட்டுப் போடட்டா?"

ஆக, எங்கள் தொழிற்பேட்டையில் பதிவான கதவுகள் எல்லாம் எப்போதும் மூடியே இருந்தன, விரல்கள்தான் விதிமுறை தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன.