சங்கமித்ராவின் கைப்பிசகு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி அனிஷா சொல்வாள். பொய். மூக்கு வரைக்கும் போக அதற்கு நேரம் ஏது, அதற்குள் வாய்க்கு வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் நான் நல்ல பெயர் வாங்கப்போவதில்லை. இது சங்கமித்ராவைப் பற்றியது.

திருவொற்றியூர் ஹைரோட்டில், தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. சீட் கவர், ஹாரன், ரேடியோ, கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாள் என்று காருக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். ஊர் நாகர்கோவில் பக்கம். பெயர் ஜெஸ்வின். ஆனால் இங்கே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, பால்காரர் முதல் போலீஸ்காரர் வரை எல்லாருக்கும் அண்ணாச்சிதான்.

2008-ஆம் வருஷம் அது. ரேடியோவோடு சேர்த்து வழி காட்டும் செட்டுகள் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தன. சின்னத் திரையில் ஊர்ப்படம் வரும், இடது பக்கம் திரும்பு என்று ஒரு பெண் குரல் சொல்லும். அந்த நேரம் பார்த்து, செட் பொருத்திக்கொண்டிருந்த என் ஆளுக்குத் துபாய் விசா வந்துவிட்டது. பறந்துவிட்டான். கடை வாசலில் ‘செட் பொருத்த ஆள் தேவை’ என்று எழுதித் தொங்கவிட்டேன். வந்தது சங்கமித்ரா.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. முப்பத்திரண்டு வயது இருக்கும். கார்களுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். கம்பெனி எங்கோ தூரத்துக்கு மாறிப்போக, வேலையை விட்டிருந்தாள். பெண்பிள்ளை டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தால் கஸ்டமர் என்ன நினைப்பான் என்று நான் இழுத்தேன். அவள் கடை முன்னால் நின்ற ஒரு வண்டியைப் பார்த்து, அதில் என்ன கோளாறு என்று கேட்டாள். சாவியை எடுத்தால் ரேடியோ ஸ்டேஷன் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது, இரண்டு நாளாக உயிரை வாங்குகிறது என்றேன். பத்தே நிமிஷம். மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் என் துபாய்க்காரன் மாற்றிக் கொடுத்திருக்கிறான். பாட்டரியிலிருந்து எப்போதும் கரண்டு வரவேண்டியது மஞ்சளுக்கு, சாவி போட்டால் மட்டும் வரவேண்டியது சிவப்புக்கு. சரிசெய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

எடுத்துக்கொண்டேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? மூன்று மாசம் பார்ப்பேன், உன் கைப்பிசகால் ஒரே ஒரு வண்டி திரும்பி வந்தாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றேன். சரிங்க அண்ணாச்சி என்றாள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றி விடுகிற ஜோலியே கிடையாது. துணியில் சுற்றி அவளே கொண்டுவந்த கருவியால் ஒவ்வோர் இணைப்பையும் அழுத்தி, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததுக்குப் போவாள். டாஷ்போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விரலால் ஒருதரம் தடவுவாள். எங்கே கிளிப் இருக்கிறது, எங்கே திருகு இருக்கிறது என்று விரலே சொல்லுமாம். எனக்கும் அவளுக்கும் ஒரே ஒரு தகராறுதான். கடை வாசலில் பாட்டு அலறினால்தானே ஆள் எட்டிப் பார்ப்பான்? சாயங்காலம் நாலு மணியானால் இவள் போய் அந்தச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். நான் கூட்டுவேன், அவள் குறைப்பாள். “கொஞ்ச நேரம் அண்ணாச்சி” என்பாள். காது டாக்டரைப் பார் என்று கிண்டல் செய்வேன், சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஒருநாள் அரைமணி நேரம் கழித்து, ஒருநாள் ஒருமணி நேரம் கழித்து, அவளே வந்து சத்தத்தை வைப்பாள். என்ன பிடிவாதமோ என்று விட்டுவிட்டேன்.

இப்படி இரண்டு மாசம் போனது. அப்போதுதான் ராயபுரம் பக்ருதீன் பாய் வந்தார். பன்னிரண்டு டாக்சி வைத்திருப்பவர். பன்னிரண்டுக்கும் வழி காட்டும் செட் வேண்டும் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். பாய் நல்ல மனிதர், ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. வண்டிக்குள் சாமி படம், சிலுவை, 786, எலுமிச்சம்பழம், கயிறு எதுவும் கூடாது. ஏறுகிறவர்களில் எல்லாச் சாமிக்காரரும் இருப்பார்கள், டாக்சி எல்லாருக்கும் பொது என்பார். தன் மதத்துச் சாமானையே அவர் வைத்ததில்லை. மீறுகிற டிரைவரிடமிருந்து சாவியை வாங்கிவிடுவார். போன வருஷம் அப்படி ஒருவர் வேலையிழந்தார்.

முதலில் நாலு வண்டிக்குப் பொருத்தினாள் சங்கமித்ரா. இந்தச் செட்டுக்குச் சாட்டிலைட்டைப் பிடிக்கத் தீப்பெட்டி அளவில் ஓர் ஆன்டெனா உண்டு. அதை டாஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில் மறைத்து ஒட்டிவிடுவோம். அதற்கும் வானத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் இருக்கலாம், துணி இருக்கலாம், உலோகம் மட்டும் கூடாது. ஸ்டியரிங்குக்கு நேர் முன்னால் ஒட்டவேண்டும் என்பது என் சட்டம். வயர் கிட்டத்தில் போய்விடும், வேலை சீக்கிரம் முடியும். அதன்படியே ஒட்டினாள்.

ஆறாம் நாள் ஒரு வண்டி திரும்பி வந்தது. நெட்டுக்குப்பம் செல்வம் ஓட்டுகிற வண்டி. ரேடியோ பாடுகிறது, ஊர்ப்படம் மட்டும் எங்கேயும் நகராமல் சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டே இருக்கிறது. வண்டியின் வலது கதவில் நீளமாக ஒரு கீறல், பக்கக் கண்ணாடி புதுசு. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் டிரைலர் உரசிவிட்டதாம். அந்த அதிர்ச்சியில் வயர் ஏதாவது விட்டிருக்கும் என்று நினைத்தேன். பாயும் கூடவே வந்து கடைக்குள் உட்கார்ந்திருந்தார்.

வெளியே சங்கமித்ரா வண்டிக்குள் குனிந்து வழக்கம்போல விரலால் தடவினாள். ஓரிடத்தில் கை நின்றது. செல்வம் அவள் காதருகே ஏதோ சொன்னான். இரண்டு பேரும் கிசுகிசுத்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அரைமணி நேரத்தில் உள்ளே வந்து, சரியாகிவிட்டது என்றாள்.

என்ன கோளாறு என்று பாய் கேட்டார்.

“ஆன்டெனா வச்ச எடம் தப்பு பாய். என் தப்புதான். எடது பக்கம் மாத்தி ஒட்டிட்டேன், எடுக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. அது யார் சொன்ன இடம்? என் சட்டம். தன் தப்பு என்று சொல்லிக்கொண்டே கஸ்டமர் முன்னால் என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று பட்டது. மற்ற மூன்று வண்டியிலும் அதே இடத்தில்தானே வேலை செய்கிறது என்று கேட்டேன்.  காரணத்தைச் சொல் என்றேன். எடுக்குதுல்ல அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள். கோபம் வாய்க்கு வந்துவிட்டது.

“ஒன் கைப்பிசகுக்கு எடத்தக் கொற சொல்லுதியா? நாளைலேருந்து வரண்டாம்.”

அவள் டெஸ்டரை மேஜை டிராயரில் வைத்தாள். தன் கருவியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். செல்வம் எதையோ சொல்ல வாயைத் திறந்து, பாயைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

மிச்சம் எட்டு வண்டிக்கும் நானே படுத்துப் புரண்டு பொருத்தினேன். அதே என் இடத்தில்தான். முதுகு விட்டுப்போனது. பத்து நாளில் மூன்று வண்டி திரும்பி வந்தது, மூன்றும் நெட்டுக்குப்பத்து டிரைவர்கள் ஓட்டுவது. அதே கோளாறு. ஃபியூஸ் மாற்றினேன், எர்த் வயரைச் சுரண்டி மாட்டினேன், புது ஆன்டெனா போட்டேன். செட்டைக் கழற்றி, எலக்ட்ரானிக் சாமான் பழுது பார்க்கும் ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனால் அங்கே ஜம்மென்று வேலை செய்கிறது. இடத்தை மாற்றி ஒட்டிப் பார்த்திருக்கலாம்தான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே எனக்கு. பாய் பொறுமையாகத்தான் சொன்னார். ஒன்பது வண்டியில் ஓடுவது மூன்றில் ஏன் ஓடவில்லை என்று திங்கட்கிழமைக்குள் காரணம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பன்னிரண்டையும் கழற்றிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அனிஷாவை வீட்டில் இறக்கிவிட்டு வியாசர்பாடிக்கு வண்டியை விட்டேன். விசாரித்து மூன்றாவது மாடி ஏறினேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள். ஒரே அறை. சுவரில் புத்தர் படம். குறுக்கே கட்டிய புடவைக்குப் பின்னால் அவள் கணவர் அறிவு தூங்கிக்கொண்டிருந்தார். டிரைலர் ஓட்டுகிறவர். வழக்கமாகப் பகல் ஓட்டம்தான், நேற்றுத் துறைமுக வாசல் வரிசையில் மாட்டிக்கொண்டு காலையில்தான் வந்தாராம். டீ போட்டுக் கொடுத்தாள். நான் சுற்றி வளைக்காமல் மூன்று வண்டியையும் பாய் வைத்த கெடுவையும் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

“பாயாண்ட சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. அப்பால சொல்றேன்” என்றாள்.

சத்தியம் செய்தேன். மெதுவான குரலில் சொன்னாள். டிரைலர் உரசிய அன்றைக்குச் செல்வம் மயிரிழையில் பிழைத்திருக்கிறான். அவன் மனைவி கன்னியம்மா பூசாரியிடம் ஓடி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு மந்திரித்து வாங்கி வந்தாள். ஓட்டுகிறவனுக்கு நேர் முன்னால் இருக்கவேண்டும் என்பது பூசாரி வாக்கு. வெளியே வைத்தால் பாய் சாவியை வாங்கிவிடுவார். அதனால் டாஷ்போர்டுக்கு என் கடையில் தைத்துப் போட்டிருந்த வெல்வெட் உறையைப் பிரித்து, அடியில் தகட்டைச் செருகி, வலை பின்னும் நைலான் நூலால் திரும்பத் தைத்துவிட்டாள். சரியாக ஆன்டெனாவின் தலைக்குமேல். நூலின் சொரசொரப்பு சங்கமித்ராவின் விரலில் தட்டியிருக்கிறது. கன்னியம்மாவைப் பார்த்து அக்கம்பக்கத்து டிரைவர் வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் தகடு வாங்கியிருப்பார்கள், வேறென்ன என்றாள்.

தகட்டை எடுத்துப்போடச் சொல்லியிருக்கலாமே என்றேன். உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டேன்.

“நமக்கு தகடும் கெடையாது, கயிறும் கெடையாது அண்ணாச்சி.”

“பெறவு எதுக்கு ஒன் வேலைய விட்டே?”

புடவைத் திரையைப் பார்த்தாள்.

“கன்னியம்மா தூங்கணும்ல? எங்க வூட்ல தகடு இல்ல. இவரு நம்ம கட வழியாத்தான் வண்டி ஓட்டிகினு போவாரு. நாலும் ஆவும், அஞ்சரையும் ஆவும். ரெண்டு தபா ஹாரன் அடிப்பாரு. அது காதுல வுழுந்தாத்தான் எனக்குக் கையி ஓடும்.”

 காது டாக்டரைப் பார் என்று நான் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடு என்றேன். பாய்க்கு என்ன காரணம் சொல்வது என்றும் கேட்டேன்.

“எடம் தப்புன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல? அத்தயே சொல்லுங்க.”

“அது என் எடம்லா.”

“ஆமா” என்றாள். சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பாய் வந்தார். சங்கமித்ரா ஓரமாக நின்று வயர் சீவிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று சொன்னேன். ஆன்டெனா வைத்த இடம் தப்பு பாய், அந்த இடத்தில் ஒட்டச் சொன்னவன் நான், பன்னிரண்டையும் இடது பக்கம் மாற்றித் தருகிறேன். பாய் தாடியைத் தடவினார்.

“அந்தப் பொண்ணு அத்தத்தான அன்னிக்கு சொல்லிச்சு? அதுக்கா வேலைய வுட்டுத் தூக்குனீங்க?”

 கைப்பிசகுக்கு நான் போட்ட சட்டப்படி பார்த்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டியவன் நான்தான். அதையும் அவள் முன்னாலேயே சொன்னேன். அவள் வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்றைக்கே மூன்று வண்டியையும் வரவழைத்தாள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்குக்கு முன்னால் விரலால் தடவிப் பார்த்தாள், நைலான் தையலைத் தொட்டாள், பிரிக்கவில்லை. ஆன்டெனாவை இடது பக்கம் ஒட்டினாள். இரண்டு வண்டியில் ஊர்ப்படம் நகர்ந்தது. மூன்றாவது வண்டியின் டாஷ்போர்டுக்கு அடியில் அவள் படுத்திருந்தபோது நாலு மணி ஆனது. வெளியே கால் மட்டும் தெரிந்தது. பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு கல்லாவுக்குத் திரும்பாமல் வாசலிலேயே நின்றேன். கன்டெய்னர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. நாலரை ஆனது, ஐந்தானது.  ஒரு கஸ்டமர் வந்து ஹாரன் விலை கேட்டார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். ஐந்தே கால் இருக்கும். வரிசையில் ஒரு பச்சை டிரைலர் எங்கள் கடையைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடித்தது.

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“இப்ப சவுண்டு வச்சுக்கோங்க அண்ணாச்சி.”