ஒஸ்தாப்பின் நாடு

ஒஸ்தாப்பை ஒஸ்லோவில் மேடையேற்றியவன் நான்தான். இலங்கையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் இங்கே ஹொல்ம்லியாப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கும் ஆறு பேருக்கு மேற்பார்வையாளன். அந்த ஆறு பேரில் ஒஸ்தாப் ஒருவன். உக்ரேனில் இசைக் கல்லூரி முடித்தவன். காலையில் வகுப்பறைகளைத் துடைத்த பின், பிள்ளைகள் வருமுன், பாட்டறைப் பியானோவில் இருபது நிமிடம் தன் மெட்டுகளை வாசிப்பான். அனுமதி கொடுத்தது நான்.

முன்பு ஊரில் அவனது இரண்டு பாட்டுகள் அச்சில் வந்தனவாம். இரண்டிலும் "சோவியத் இசையமைப்பாளர்" என்றே போட்டிருந்தார்கள்.

"ஒருக்காலாவது என்ரை பேரோடை என்ரை நாட்டின்ரை பேரையும் கேக்கவேணும், அல்பிரட்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்வான். அதற்கென்ன, நான் இருக்கிறேனே!

2006 மார்கழியில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கரின் கிறிஸ்மஸ் ஒளிவிழா. பிள்ளைகள் பாட ஒஸ்தாப் ஒரு புதுப்பாட்டுக்கு மெட்டுப் போட்டான். அழைப்பிதழை நானே எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். எங்கள் அழைப்பிதழில் பட்டம் இல்லாமல் ஒரு பெயரும் நிற்காது. ஆகவே "உலகப் புகழ் ரஷ்ய இசைப் பேரரசர்" என்று போட்டேன். ரஷ்யா என்றால் எல்லோருக்கும் தெரியும், கூட்டம் சேரும். கூட்டமும் சேர்ந்தது.

விழாவுக்கு அரைமணி நேரம் இருக்க, ஒஸ்தாப் அழைப்பிதழின் நோர்வேஜியப் பக்கத்தை வாசித்தான். பாட்டுத் தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

"அந்த ரஷ்யப் பேரரசர் வந்து வாசிக்கட்டும். நான் போறன்."

"எடேய், பெருமைக்குத்தானே போட்டனான்!"

என் மனைவி புளோறன்ஸ் குறுக்கே வந்தாள், ஒஸ்தாப்புக்கும் விளங்க நோர்வேஜிய மொழியிலேயே.

"போன மாசம் பல் டொக்டர் உங்களை இந்தியாக்காரர் எண்டதுக்கு, பல்லும் பிடுங்காமல் எழும்பி வந்தனீங்களெல்லோ? மூண்டு நாள் கன்னம் வீங்கித் திரிஞ்சியள். இவனுக்கு மட்டும் ரோசம் இருக்கக்கூடாதோ?"

நான் நேரே போய் மைக்கைப் பிடித்தேன். "அழைப்பிதழிலை பிழை. எழுதினது நான். ஒஸ்தாப் ரஷ்யன் இல்லை, உக்ரேன்காரன்" என்றேன். அவனுக்கும் விளங்கவேண்டுமென்று நோர்வேஜிய மொழியிலும் சொன்னேன். நாற்பது வருடத்தில் நான் ஒத்துக்கொண்ட முதல் பிழை அது. அதையும் என்னைப்போல் கம்பீரமாக எவனும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டான்.

ஒஸ்தாப் பையைத் திறந்தான். பிள்ளைகள் பாடினார்கள்.

முடிந்ததும் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவன் மைக்கை வாங்கினான்.

"என்ரை மேற்பார்வையாளர், உலகப் புகழ் இந்தியப் பேரரசர் அல்பிரட்டுக்கு நன்றி!"

மண்டபமே சிரித்தது, புளோறன்ஸ்தான் ஆகப் பெரிதாக. பொன்னாடையைத் திருப்பி இழுக்க என் கை போனதுதான். விட்டுவிட்டேன். உக்ரேன்காரனுக்கு அது நன்றாகவே பொருந்தியிருந்தது.