கதிராமனின் நெற்றி

மூன்று வாளி ஐஸைப் படகில் கொட்டியதும் கதிராமன் உட்கார்ந்துவிடுவார். கவிழ்த்த மீன்பெட்டிதான் கதிரை. மூச்சு ஆறியதும் அடுத்த மூன்று. ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து திருகோணமலைத் துறைமுகத்தில் இருபது வருடமாக ஐஸ் உடைப்பவர். முழுக் கட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே ஊர்க்கதை பேசிய மனிதர். இப்போது கதையும் மூன்று வாளிக்கு ஒரு தடவைதான்.

உடம்பெங்கும் கன்றிப்போன நீலத் திட்டுகள். கை எப்போதும் சில்லென்றிருக்கும். ஐஸோடு மாரடிப்பவருக்கு இதெல்லாம் இருக்கும்தானே என்றது துறைமுகம். பக்கத்தில் வலைக்கடை வைத்திருக்கும் நானும் அதையே சொன்னேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது. இரத்தம் குறைவென்று இரும்புச்சத்துக் குளிசையிலும் முருங்கையிலையிலும் ஒரு வருடம் போயிற்று. பிறகுதான் இடுப்பெலும்பில் ஊசி குத்திப் பார்த்து, எலும்புக்குள் இரத்தம் ஊறும் மச்சையில் கோளாறு என்றார்கள்.

"ஐஸ் அச்சு பழுதெண்டா எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் கட்டி சரியா உறையாது தம்பி. என்ர மச்சையும் அப்பிடித்தான். ரத்தம் ஊறுது, முத்தாமலே கெட்டுப்போகுது."

புற்றுநோயா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லையாம். புற்றா மாறினாலும் மாறுமாம், மாறாமக் கிடந்தாலும் கிடக்குமாம்."

பதினைந்து நாளைக்கொரு தரம் யாரோ கொடுத்த இரத்தம் ஏறுகிறது. மறுநாள் மட்டும் ஐந்து வாளி தாங்குவார்.

காய்ச்சல் வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. கிருமியை எதிர்க்க அவர் இரத்தத்தில் தெம்பில்லை. அதனால் மனைவி மதிவதனா மீன் வாங்கும் சாட்டில் தினமும் பின்னேரம் வந்து, அத்தனை பேர் பார்க்க, அவர் நெற்றியில் கை வைப்பார். போன மாதம் காய்ச்சல் கண்டபோது இவர் ஐஸை நெற்றியில் தேய்த்து அந்தக் கையை ஏமாற்றிவிட்டார். காய்ச்சல் முற்றிப் பதினொரு நாள் வார்ட்டில் கிடந்தார். நன்றாக ஏசினேன்.

"காய்ச்சலெண்டு போனா திரும்பவும் மச்சையைக் குத்திப் பாப்பினம். புற்றா மாறிட்டுது எண்டு சொல்லிட்டா? அதைக் கேக்க எனக்கு ஏலாது தம்பி. களைச்சுப் போனன்."

நேற்று ஒரே வாளியோடு உட்கார்ந்துவிட்டார். கண் சிவந்திருந்தது, வெயிலிலும் நடுக்கம். கையில் ஓர் ஐஸ் துண்டு. துறைமுகக் கேற்றடியில் மதிவதனா வருவது தெரிந்தது. நான் வாய் திறக்கப் போனேன், கையமர்த்தினார். துண்டு உருகி முழங்கையால் சொட்டியது. அதை வாளிக்குள் போட்டார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து, மதிவதனா கிட்ட வருமுன்பே குனிந்து நெற்றியை நீட்டினார்.