எழுத்தென்று நான் படித்த கீறல்

முகநூலில் இந்த மண்ணுக்கு யார் முதலில் வந்தவர் என்ற சண்டை வரும்போதெல்லாம் நானும் ஒரு கை பார்ப்பவன். அதனால், வாகரைப் பக்கத்து நண்பர் ஒருவர் தன் ஊர் வயலில் கிடந்த பானை ஓட்டைப் படமெடுத்து அனுப்பியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓட்டில் இரண்டு கீறல். பழந்தமிழ் எழுத்தேதான் என்று முடிவு கட்டி, புரட்டாதிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மட்டக்களப்பிலிருந்து காலை 6.15 திருகோணமலை பஸ். பனிச்சங்கேணிப் பாலத்தடிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், டிக்கெட் 240 ரூபாய். அங்கிருந்து ஓட்டோவில் எவ்வளவு தூரம் என்று எழுதப் போவதில்லை. காரணம் கீழே.

வயலுக்குச் சொந்தக்காரரான சாந்தியக்கா விதைப்புக்கு முன் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். வரம்பில் தண்ணீர் வடிய விடும் வாயை இங்கே வக்கடை என்பார்கள். அதற்கு முட்டுக் கொடுத்திருந்தவை அகலமான பழைய செங்கற்கள். ஏதோ பழங்காலக் கட்டடத்தின் மிச்சம் என்று அடித்துச் சொல்லலாம். அவர் வாய் திறக்குமுன்னே படமெடுத்து, இடப்பெயரோடு பதிவும் போட்டுவிட்டேன்.

பிறகுதான் அந்த ஓட்டைக் கேட்டு வாங்கி, எழுத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், மண்வெட்டியின் மூலையைக் கீறலில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. போன மாரிக்கு வெட்டும்போது பட்டதாம். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விடாமல், செங்கல் பழசுதானே என்றேன்.

“பழசுதான் தம்பி. நீங்க தமிழெண்டு எழுதுவீங்க. நாளைக்கு வேற ஆக்கள் வந்து விகாரையெண்டு எழுதுவாங்க. சண்டையில ஆரு வெண்டாலும் தொல்பொருள்காரங்க இதில எல்லைக்கல்லு நட்டுருவாங்க. பிறகு நான் எங்க வெள்ளாமை செய்யிற?”

மூன்று ஏக்கர். அவருக்கு வேறு காணி இல்லை. பதிவை அங்கேயே அழித்தேன். அதற்குள் ஆறு பேர் படத்தை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். மண்ணுக்குள் கிடப்பது யாருடையது என்று இத்தனை வருடம் வாதாடியிருக்கிறேன். மேலே உழுகிறவரை ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்கள் போனில் இடக்குறியை அணைத்துவிடுங்கள். படமெடுக்குமுன் காணிக்காரரிடம் கேளுங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் அவசியம். மாலை நாலரைக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது.

செவ்வாய்க்கிழமை, விதைத்தாயிற்றா என்று கேட்கப் போன் எடுத்தேன்.

“வயலுக்க நாலு பேர் நிண்டு படம் எடுக்காங்க தம்பி,” என்றார் சாந்தியக்கா. “உங்கட ஆக்களா?”