சாரதாம்பாள் வீட்டு வெயில்

காஜா பேராங் வட்டாரத்தில் சாரதாம்பாளைத் தெரியாத வீடு கிடையாது. புருஷன் போன பிறகு பதினொரு வருஷம் டோபி வேலை பார்த்தே இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். கொல்லையில் ஒரு கிணறு, ஒரு துவைகல், ஆறு கொடிக்கயிறு, நாள் முழுக்க வெயில். அவ்வளவுதான் அவள் சொத்து.

அந்த வெயிலுக்குத்தான் பொன்னுதுரை உலை வைத்தான். பக்கத்து மனைக்காரன், கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். ஐம்பத்தைந்தாம் வருஷம் எல்லையை ஒட்டி, மாடி உயரத்துக்கு நெட்டையாக ஒரு சுவரை எழுப்பினான். கீழே கடை மட்டும் கட்டித் தகரம் போட்டு மூடினான். மாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். மத்தியானம் ஒரு மணிக்கே சாரதாம்பாள் கொல்லை நிழலில் மூழ்கியது. துணி காயாமல் ஈரவாடை அடித்தது. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாக வேறு டோபியைத் தேடிப் போயின.

நியாயம் கேட்கப் போனாள். அவன் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான்.

"பிளான் பாஸாயிருக்கு, சாரதாம்பா. துணி வெளுக்கிற உன்னைக் கேட்டுத்தான் நான் கட்டணுமா?"

கட்டட ஆபீஸில் பிளான் காகிதங்களைப் பார்க்கும் கிராணி நல்லையாவும் அதையே சொன்னார். பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லையாம். சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்தவில்லை, மகராசன்.

அழுதாளா? அழுகிற ஜாதியா அவள்! வயிறு பற்றி எரிய நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். இல்லாத சட்டத்தைக் கொண்டுவந்து, அந்தப் பொன்னுதுரையை என் கொல்லையில் நின்று சம்மதம் கேட்கவைப்பேன் என்றாள். சத்தியம் செய்த கையோடு, கோர்ட்டு வாசலில் மனு எழுதும் அலாவுதீனிடம் போய் உட்கார்ந்தாள். புதுக் கட்டடமோ புது மாடியோ, பக்கத்து வீட்டாரின் சம்மதம் கேட்காமல் பாஸாகக் கூடாது. அதுதான் மனு.

துணி மூட்டையோடு அந்தக் காகிதமும் வீடு வீடாகப் போனது. ஒருத்தருக்கு அடுத்தவன் சுவரால் ஜன்னல் அடைபட்டிருந்தது, ஒருத்தருக்கு அடுத்தவன் கூரைத் தண்ணீர் அடுப்படிக்குள் விழுந்தது. எல்லார் வயிற்றிலும் ஒரு நெருப்பு இருக்கத்தான் செய்தது. பாதிப்பேர் கைநாட்டு. ஒவ்வொரு கைநாட்டுக்குப் பக்கத்திலும் சாரதாம்பாள் சேங்கொட்டை மையால் அந்த வீட்டுச் சலவைக் குறியைப் போட்டாள். புள்ளி, கோடு, வட்டம் என்று வீட்டுக்கு ஒன்றாகத் துணியில் போடுவாளே, அதே குறி. அவளுக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். நல்ல காகிதத்தைப் பாழாக்குகிறாயே என்று அலாவுதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஐம்பத்தேழில் மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். திடலில் ஊரே கூடி நின்று கத்தியபோது அவளும் தொண்டை கிழியக் கத்தினாள். மனசில் இருந்தது என்னவோ பொன்னுதுரை முகம்தான்.

ஒருவழியாக மனு நகரசபைக்கு வந்தது. நல்லையா அதைத் தூக்கிக் காட்டி, இத்தனை கைநாட்டும் யாருடையது, ஒரே பொம்பளை பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்திருக்கலாமே என்றார். சபை சிரித்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பொன்னுதுரை எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். சாரதாம்பாள் எழுந்தாள்.

"கிராணி ஐயா, உங்க சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்க. வட்டத்துக்குள்ள ரெண்டு புள்ளி இருக்கும். மனுவுல நாப்பத்தொண்ணாவது ஆளுக்கும் அதே குறிதான். அது உங்க வீட்டம்மா கைநாட்டு."

நல்லையா திருப்பிப் பார்த்தார். இருந்தது. அவர் துணி வேறு டோபியிடம் போய் ஒரு வருஷமாகியும் சேங்கொட்டைக் குறி போகவில்லை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தலைவர்கூடத் தன் காலரை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார். மூன்று மாதத்தில் விதி வந்துவிட்டது.

ஏற்கெனவே எழுந்து நின்ற சுவரை அந்த விதி தொடாது என்றார்கள். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் மாடி இன்னும் எழும்பவில்லையே!

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை மாடியில்தான் குடியிருப்பார் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான் பொன்னுதுரை. ஒரு மத்தியானம் வெற்றிலைத் தட்டும் ஆபீஸ் காகிதமுமாக வந்து கொல்லையில் நின்றான். ஈரத்துணிகள் அவன் முகத்தில் உரசின.

"அக்கா, உங்களைக் கேட்டுட்டுத்தான் மாடி கட்டணுமாம். ஒரு கைநாட்டு வச்சுட்டா போதும்."

சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். சொன்னான். உங்கள் வீட்டம்மாவுக்கும் கேட்கட்டும், உரக்கச் சொல்லுங்கள் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சொன்னான். மூன்று வருஷம் எரிந்த வயிறு அந்த நிமிஷம் குளிர்ந்தது.

"கேட்டுட்டீங்க இல்ல? எனக்குச் சம்மதம் இல்ல."

கல்யாணம் நடந்தது. மாடி எழும்பவில்லை. புதுத் தம்பதியைக் கடைக்குப் பின்னால் ஒழுகும் தகரத்துக்கடியில்தான் குடிவைத்தார்கள். ஐப்பசி மழையில் கல்யாணப் பட்டெல்லாம் பூசணம் பூத்தது. பொன்னுதுரை பெண்டாட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாரதாம்பாளிடம் வந்து, எப்படியாவது காயவைத்துக் கொடு என்று கெஞ்சினாள்.

சாரதாம்பாள் மூட்டையைப் பிரிக்கவேயில்லை. அண்ணாந்து அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"இங்க ஏதும்மா வெயில்?"